போடாமல் இறக்கி வைத்தவன்

ஏலக்காய் மூட்டையைப் போடக் கூடாது. இறக்கி வைக்க வேண்டும். போடிநாயக்கனூர் சரக்குக் கிட்டங்கிகளில் நான் சுமை தூக்கிய பதினான்கு வருடமும் இந்த ஒரு விதி மாறவில்லை. நெல் மூட்டையை முதுகிலிருந்து சரித்து விடலாம். பருத்திப் பொதியைக் காலால் உருட்டலாம். மற்ற மூட்டைகளை இரும்புக் கொக்கி போட்டு இழுக்கலாம். ஏலக்காய்க்குக் கொக்கியே கிடையாது, கை மட்டும்தான். மூட்டையோடு வந்து, இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூட்டை தோளிலிருந்து கைக்கும் கையிலிருந்து தரைக்கும் வழுக்கி இறங்கும்படி விட வேண்டும். சத்தம் வரக் கூடாது. தொப்பென்று சத்தம் கேட்டால் உள்ளே காய் வாயைப் பிளந்துவிட்டது என்று அர்த்தம். வாய் பிளந்த காயை ஏலத்துக்கு வருகிறவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் ஜூடோ ஆடியவன். தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் ஆடுகிற கனத்த எடைப் பிரிவில் மூன்று வருடம் தொடர்ந்து மாநில இறுதி ஆட்டம் வரை போனவன். முதல் இரண்டு வருடமும் நான் தோற்றதற்குக் காரணம் இந்த ஏலக்காய் மூட்டைதான்.

அது எழுபதுகளின் கடைசி. எங்கள் லாரி மதுரையில் சரக்கை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பாமல் தேனிக்கு ஒரு வாடகை பிடித்து வந்தது. தென்னை நார் திணித்துத் தைத்த மெத்தைகள். தேனியில் மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலைக் கொட்டகையில் அவற்றை இறக்க வேண்டும். அங்கே ஒரு வாலிபர் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு. வங்கிக்கு மாற்றலாகி வந்தவர், பட்டணத்தில் ஜூடோ படித்துக் கறுப்புப் பட்டை வாங்கியவர் என்று பிறகு தெரிந்தது. என்னைவிட ஆறு வயது இளையவர். நான் மெத்தைகளை இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

"அண்ணே, என்ன எடை இருப்பீங்க?"

"கிட்டங்கித் தராசுல நூத்தியெட்டு."

என்னோடு மூட்டை தூக்கும் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, லாரி மேலிருந்து கத்தினான்: "நூத்தியெட்டு தேங்கா உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டு, எங்க மாமா எல்லாத்தையும் தின்னுட்டாரு சார்!"

அவர் சிரித்தார். மெத்தைகளை விரித்து மேலே தார்ப்பாயைக் கட்டியதும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, "ஒரு நிமிஷம் வாங்கண்ணே" என்றார். ஏறினேன். அவர் இடுப்பை வளைத்து என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என் சட்டையின் கையையும் காலரையும் பிடித்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அந்தக் கால் தரையைத் தொடுவதற்குள் தன் பாதத்தால் அதை ஒதுக்கிவிட்டார். அடுத்து நான் பார்த்தது கொட்டகையின் ஓடு.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை யாரும் கீழே தள்ளியதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்ததும் அவர் மறுபடியும் கும்பிட்டாரே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கும்பிட்டுத் தொடங்கிக் கும்பிட்டு முடிக்கிற விளையாட்டு. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டாதவன் நான். இது நமக்கு ஒத்து வரும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

"இப்ப நீங்க என்னைத் தூக்குங்க" என்றார்.

அது எனக்குக் கஷ்டமா? திரும்பி, குனிந்து, அவரை முதுகில் ஏற்றினேன். ஏற்றிய பிறகு என்ன செய்வது? கை தானாகவே வேலையைச் செய்தது. இடது முழங்காலை ஊன்றி, சாய்ந்து, அவரை மெத்தை மேல் சத்தமில்லாமல் கிடத்தினேன். படுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன, தாலாட்டா?"

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், கிட்டங்கி வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் தேனிக்குப் போனேன். அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டேன். அவர் கடைசிவரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ஜூடோச் சட்டை என் அளவில் எங்கேயும் கிடைக்கவில்லை. என் மனைவி ஆண்டிபட்டிப் பக்கம் நெசவுக் குடும்பத்துப் பெண். அண்ணன் தறியில் நெய்த முரட்டுத் துணியை இரட்டையாக மடித்து, கட்டம் கட்டமாகத் தையல் போட்டு அவளே தைத்தாள். அந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தவர்களுக்கு நகம் பெயர்ந்தது உண்டு. காலரின் உட்புறம் வீரபாண்டி ஆத்தா கோயில் மஞ்சள் துணியில் ஒரு கீற்று வைத்துத் தைத்திருந்தாள். வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜூடோவில் வெல்கிற வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளியை வேகமாக, பலமாக, முதுகு முழுக்கத் தரையில் படும்படி எறிந்தால் முழுப் புள்ளி. ஆட்டம் அத்தோடு முடிந்தது. வேகமோ பலமோ குறைந்தால் அரைப் புள்ளி, அதற்கும் கீழே சில்லறைப் புள்ளிகள். இன்னொரு வழி, கீழே விழுந்தவரை மல்லாக்க அமுக்கி முப்பது விநாடி எழவிடாமல் வைப்பது. அதற்கும் முழுப் புள்ளி உண்டு.

இந்த இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் மேல் ஏறிப் படுப்பதா? கோழி வியாபாரிகூடக் கோழியை அப்படி அமுக்குவதில்லை. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், செய்யவில்லை.

முதல் வருட மாநிலப் போட்டி பட்டணத்தில் நடந்தது. கனத்த பிரிவில் ஆளே குறைவு. எல்லோரையும் தூக்கினேன், எல்லோரையும் இறக்கி வைத்தேன். சில்லறைப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்தே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். அங்கே எனக்கு எதிராக வந்தவர் வடக்கு மாவட்டத்துப் போலீஸ்காரர். என்னைவிட உயரம். அவரையும் இரண்டு தடவை தூக்கினேன். இரண்டு தடவையும் சில்லறை. கடைசி நிமிடத்தில் அவர் என்னை ஒரே தடவை தூக்கினார். தொம்மென்று விழுந்தேன். முழுப் புள்ளி. மேலே பார்த்துக்கொண்டு கிடந்தபோது, 'சரி, காய் வாயைப் பிளந்திருச்சு' என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதே இறுதி ஆட்டம், அதே போலீஸ்காரர். இந்தத் தடவை என் தூக்கில் கொஞ்சம் வேகம் இருந்தது. அரைப் புள்ளி கிடைத்தது. அவரை இறக்கி வைத்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா? அவர் எழுந்திருக்கட்டும் என்று நீட்டிவிட்டது. நடுவர் இன்னும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. போலீஸ்காரர் என் கையைப் பிடித்து எழுந்தார். பிடித்த கையை விடாமல் அப்படியே உள்ளே நுழைந்து என்னை எறிந்தார்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கை குடுத்துத் தூக்கி விட்டீங்களேண்ணே!"

"விழுந்தவுகளுக்குக் கை குடுக்காம எப்படி மாஸ்டர்?"

"ஆட்டம் முடிஞ்சதும் குடுங்க. முடியறதுக்கு முன்னாடி எதுக்கு?"

ஊருக்கு வந்தால் கிட்டங்கியில் என் மச்சினன் அந்தக் கதையை நடித்தே காட்டினான். ஒருவனைக் கீழே படுக்க வைத்து, "ஐயா, அடி கிடி பட்ருச்சா? வாங்க, எந்திரிங்க, என்னையக் கொஞ்சம் போடுங்க" என்றான். சுமைக்காரர்கள் மூட்டை மேல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வருடம் எனக்குள் ஒரு கவலையும் குடியேறியிருந்தது.

என் இடது முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நாளெல்லாம் ஊன்றி ஊன்றி மூட்டை இறக்கிய முழங்கால். வைத்தியர் அமுக்கிப் பார்த்துவிட்டு, சுமை தூக்குவதை விட்டுவிடு, இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் கால் உன்னை விட்டுவிடும் என்றார். மூட்டை தூக்குவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? எட்டாம் வகுப்பு. வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அப்போதுதான் மாஸ்டர் என்னைத் தேனிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு அழைத்துப் போனார். அந்த ஆலையில் விளையாட்டுக்காரர்களை நிரந்தர வேலைக்கு எடுப்பது உண்டு. மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டாவதா வந்ததுக்கெல்லாம் எடுக்க முடியாதுப்பா. மாநிலத்துல முதல் இடம்னு சர்டிபிகேட் கொண்டா. கேட்ல உக்கார்ற வேலை தர்றேன். ஆனா வயசு வரம்பு இருக்கு. அடுத்த வருஷம் விட்டா உனக்கு இல்ல."

ஆக, ஒரே ஒரு போட்டி. அதில் முதலிடம் என்றால் நாற்காலி. இல்லையென்றால் மறுபடி மூட்டை, அதுவும் முழங்கால் விடுகிறவரைக்கும்.

எறியப் பழக வேண்டும் என்று முடிவு செய்தேன். மாஸ்டர் சொன்னபடி கோணிச் சாக்கில் ஆற்று மணலைக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் தினமும் தூக்கித் தூக்கி எறிந்தேன். மணல் மூட்டை நன்றாகவே விழுந்தது. தொம், தொம். பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேலாக எட்டிப் பார்த்து என் மனைவியிடம், "ஏத்தா, உன் வீட்டுக்காரருக்கு என்னத்தா கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மணலை எறிய முடிந்தது. மனிதனை முதுகில் ஏற்றினால் மட்டும் முடியவில்லை. ஏற்றின உடனே அவன் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கை இறக்கித்தான் வைக்கும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை, ஏலத்துக்கு முதல் நாள், கிட்டங்கியில் நல்ல சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் உருட்டினால் பச்சை மணி போல இருக்கிற காய். இருபதோ இருபத்தொன்றோ மூட்டை இறக்கியிருப்பேன். அடுத்த மூட்டையோடு வந்தவன், மணல் மூட்டையை எறிகிற மாதிரியே இடுப்பைத் திருப்பி அதை எறிந்துவிட்டேன்.

தொம்.

கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். மேஸ்திரி வந்து மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். பத்தில் நாலு காய் பிளந்திருந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "என்னப்பா, ஒடம்புக்கு ஆகலையா?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு வருடத்தில் அதுதான் நான் போட்ட முதல் மூட்டை.

அன்று சாயங்காலம் தேனிக்குப் போகாமல் வீரபாண்டிக்குப் போனேன். முல்லையாற்றில் கால் நனைத்துவிட்டு ஆத்தா முன்னால் நின்றேன். பெரிய வேண்டுதல் எல்லாம் எனக்கு வராது. மனதுக்குள் இப்படித்தான் சொன்னேன்: 'தாயே, இந்தக் கையை நீதான் குடுத்த. இறக்கி வைக்கிற கையா குடுத்த. இதையே அங்க போடுற கையாவும் இங்க இறக்குற கையாவும் வச்சிருக்க எனக்குத் தெரியல. போட்டுத்தான் நான் பொழைக்கணும்னா அந்தப் பொழப்பு எனக்கு வேணாம். இந்தக் கையை வச்சு எப்படி ஜெயிக்கிறதுன்னு காட்டு.'

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. இனி மணல் மூட்டை கிடையாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "நல்லதாப் போச்சு, அந்தச் சாக்கு எனக்கு வேணும்" என்றாள். மறுநாளே அதில் சாம்பல் நிரப்பி வைத்தாள்.

ஆத்தா காட்டியது ஒன்றரை வாரம் கழித்து. சாமி வந்து சொல்லவில்லை. என் மச்சினன்தான் சொன்னான்.

போடியில் இலவம் பஞ்சும் பெரிய வியாபாரம். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிக்குக் கயிறு கட்டுவது தனி வேலை. பஞ்சு சும்மா இருக்காது. அமுக்கினால் இறங்கும், கை எடுத்தால் எழும்பும். அதனால் இருக்கிறவர்களிலேயே கனமான ஆள் பொதிகளின் மேல் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். பொதி மூச்சு விட்டு அடங்க அடங்க அவனும் அடங்கி, அது மறுபடி உப்பாமல் உடம்பால் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர்கள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டதும், ஒருவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "முடிச்சு விழுந்துருச்சு" என்பான். அதுவரை எழக் கூடாது. நடுவில் எழுந்தால் கட்டெல்லாம் தளர்ந்து, லாரி ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் பொதி சாலையில் கிடக்கும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து போடியில் அந்தப் படுக்கை எனக்குத்தான். அதில் கிடந்தபடியே கந்தனையும் ஆத்தாளையும் மாறி மாறிக் கூப்பிடுவது என் வழக்கம்.

அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தேன். முடிச்சுப் போட்டு முடித்த மச்சினன், முதுகில் தட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, தட்டேன்."

"இரு மாமா. ஒண்ணு கேக்குறேன். இப்ப நாங்க நாலு பேரு சேந்து கீழருந்து தள்ளுனா நீ எந்திரிப்பியா?"

"முடிச்சு விழாம எதுக்கு எந்திரிக்கணும்?"

"அதத்தான் கேக்குறேன். பஞ்சுப் பொதி மேல இம்புட்டு ஒழுங்கா படுக்குற ஆளு, அந்தப் போலீஸ்காரன் மேல மட்டும் ஏன் படுக்க மாட்டேங்குற? அவன் என்ன உனக்குச் சம்பந்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. லாரி மேலேயே எழுந்து உட்கார்ந்தேன். படுப்பது மரியாதைக்குறைவு என்று நான் நினைத்திருந்தேன். இங்கே நான் படுப்பது யாரையும் நசுக்குவதற்கு இல்லை. கட்டு விழுகிறவரை பிடித்து வைப்பதற்கு. அங்கேயும் அதேதான். இன்னொன்றும் புரிந்தது. எதிராளியை எறிகிறவர்கள் எறிந்த பிறகு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். நானோ முழங்கால் ஊன்றி, அவரோடு கூடவே தரைக்கு இறங்கிவிடுகிறேன். என் கை அவர் மேல், என் நெஞ்சு அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில். இறக்கி வைத்தபின் கையை எடுக்காமல் இருந்தால் போதும்.

அன்று சாயங்காலமே தேனிக்குப் போய் மாஸ்டரைத் தூக்கி, இறக்கி, மேலே கிடந்தேன். அவர் துள்ளினார், நெளிந்தார், காலை உதைத்தார். பிறகு தோற்றேன், விடுங்கள் என்பதற்கு அடையாளமாக மெத்தையைத் தட்டினார். எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இதை ரெண்டு வருஷமாச் சொல்றேனேண்ணே" என்றார்.

"நீங்க ஜூடோவுல சொன்னீக மாஸ்டர். என் மச்சினன் பஞ்சுல சொன்னான்."

மூன்றாவது வருட மாநிலப் போட்டி மதுரையில் நடந்தது. அப்போது எங்களுக்கும் மதுரைதான் மாவட்டம், அதனால் சொந்த ஊர்ப் போட்டி மாதிரி. கிட்டங்கியிலிருந்து மச்சினனோடு ஏழு பேர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறி வந்துவிட்டார்கள். என் மனைவி வரவில்லை. கிளம்பும்போது சட்டையை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

"நான் ஆத்தா கோயில்ல இருப்பேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் வீட்டுக்கு வராதீக. நேரா அங்கன வாங்க."

"தோத்துட்டு எப்படி அங்கன வர்றது?"

"மூட்டைதான் இருக்குல்ல. அத ஆத்தாட்ட சொல்லிட்டு வந்து தூக்குவோம்."

முதல் இரண்டு ஆட்டம் சுலபமாக முடிந்தது. தூக்கினேன், இறக்கினேன், கிடந்தேன். இறுதி ஆட்டத்துக்கு அந்தப் போலீஸ்காரர்தான் வந்தார். மெத்தைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்டவர் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"என்ன போடிக்காரரே, இந்த வருஷமும் கை குடுப்பீங்களா?"

"குடுப்பேன் சார். முடிஞ்ச பெறகு."

கும்பிட்டோம். நடுவர் தொடங்கச் சொன்னார். அவர் போன வருடத்தைவிடக் கவனமாக ஆடினார். நான் திரும்பிக் குனிய இடமே தரவில்லை. இரண்டாவது நிமிடத்தில் என் காலை வெளிப்பக்கமாகச் சீவி, என்னைப் பக்கவாட்டில் விழவைத்து ஒரு சில்லறைப் புள்ளி எடுத்தார். பிறகு விலகி விலகிப் போனார். அந்தப் புள்ளியோடு நேரத்தைக் கடத்திவிட்டால் அவருக்குப் போதும். எனக்கு இடது முழங்கால் உள்ளே சூடாக எரிந்தது. மாஸ்டர் ஓரத்திலிருந்து, "ஒரு நிமிஷந்தான் இருக்குண்ணே!" என்றார்.

அப்போது நான் ஒன்று செய்தேன். போன வருடம் அவர் எனக்குக் காட்டியதுதான். வலது கையைச் சும்மா நீட்டினேன். அவர் அதைப் பிடித்து உள்ளே நுழைய வந்தார். அவர் வருவதற்காகத்தான் நீட்டினேன். வந்தவரை அப்படியே இடுப்பில் வாங்கி, திரும்பி, முதுகில் ஏற்றிக்கொண்டேன். அவர் மூச்சு காதில் கேட்டது. இடது முழங்காலை ஊன்றினேன். ஊசி குத்தியதுபோல் வலித்தது. ஊன்றின கால் ஊன்றினதுதான். சாய்ந்தேன். தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து தரைக்கு. சத்தமே இல்லை.

நடுவர் சில்லறைப் புள்ளிக்குக் கையைக் காட்டினார். எல்லோரும் நான் எழுந்து நிற்பேன் என்று நினைத்திருப்பார்கள். போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்தார்; ஒரு விநாடி உடம்பைத் தளர விட்டார். நான் எழவில்லை. கையை அவர் கழுத்துக்கு அடியில் கொடுத்து, நெஞ்சை நெஞ்சு மேல் வைத்துக் கிடந்தேன். நடுவர் குனிந்து பார்த்து, பிடி விழுந்தது என்று கையை நீட்டினார். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

கிட்டங்கியில் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்க மாட்டோம். லாபம் என்றுதான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூணு என்று மனதுக்குள் எண்ணினேன். ஐந்தில் அவர் துள்ளினார். பஞ்சு அப்படித்தான் முதலில் துள்ளும். அவர் மூச்சு விட்டபோது நானும் இறங்கினேன். இழுத்தபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டில் என் காலைத் தன் காலால் கவ்வப் பார்த்தார். கவ்விவிட்டால் பிடி செல்லாது. காலை ஒதுக்கினேன். பதினெட்டில் உடம்பைப் பாலம் போல் வளைத்து என்னைத் தூக்கி, மெத்தையின் சிவப்பு ஓரத்தை நோக்கி நகர்த்தினார். ஓரத்தைத் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. காலரின் உட்புறம் கன்னத்தில் உரசியது. ஆத்தா, நீ பிடி என்று சொல்லி, இடது முழங்காலை மறுபடி ஊன்றி, ஓரத்துக்கு எதிர்ப்பக்கமாக அவரைச் சுற்றினேன்.

கூட்டத்திலிருந்து என் மச்சினன் குரல்: "மாமா, கயிறு இன்னும் விழல! எந்திரிச்சிராத!"

பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. முப்பது எண்ணினேன். என் எண்ணிக்கை அவசரமாக இருந்திருக்கலாம், கடிகாரம் பின்னால் இருக்கலாம். எழவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மணி அடித்ததாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. நடுவர் தோளைத் தொட்டார். அதுவும் தெரியவில்லை. முப்பத்தெட்டோ என்னவோ எண்ணிக்கொண்டிருந்தபோது மச்சினன் தொண்டை கிழியக் கத்தினான்.

"முடிச்சு விழுந்துருச்சு மாமா! எந்திரி! அந்த ஆளு சாகப்போறாரு!"

எழுந்தேன். நடுவர் கையை நேராக மேலே உயர்த்தியிருந்தார். முழுப் புள்ளி. போலீஸ்காரர் மேலே பார்த்தபடி கிடந்தார். சொன்னபடி கையை நீட்டினேன். பிடித்து எழுந்தார். பழக்கதோஷம், மூட்டையில் தூசி தட்டுவது மாதிரி அவர் முதுகைத் தட்டிவிட்டேன்.

கும்பிட்டுவிட்டு இறங்கும்போது அவர் சொன்னார்: "எத்தனையோ பேர்கிட்ட விழுந்திருக்கேன். உங்ககிட்டதான் விழுந்ததே தெரியலை. மேல கிடந்தப்பதான் தெரிஞ்சுது."

அந்தச் சர்டிபிகேட்டை ஆலை மானேஜர் இரண்டு தடவை வாசித்தார். அடுத்த மாதம் முதல் தேதி கேட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் இன்றுவரை என்னோடுதான் இருக்கிறது. நடந்தே கோயிலுக்குப் போகிறேன். அகில இந்தியப் போட்டிக்கும் அழைத்துப்போனார்கள். அங்கே இரண்டாவது ஆட்டத்தில் வடக்கத்திக்காரர் ஒருவர் நான் பிடிக்கும் முன்பே என்னை எறிந்துவிட்டார். நல்ல எறி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. நான் போன வேலை மதுரையிலேயே முடிந்துவிட்டது.

போட்டி முடிந்த மறுநாள் காலை தேனியில் இறங்கி, மற்றவர்களைப் போடிக்கு அனுப்பிவிட்டு, வீரபாண்டி பஸ் ஏறினேன். கோயிலில் கூட்டமில்லை. அவள் பிரகாரத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து, பெண் பிள்ளைகள் இருவருக்கும் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். ஆனாலும் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் போலீஸ்காரரத் தூக்கிப் போட்டீகளா?"

"இல்ல. எறக்கித்தான் வச்சேன்."

"அடி கிடி பட்டுச்சா அவுகளுக்கு?"

"ஒண்ணும் இல்ல. நல்லா நடந்து போனாரு."

"அப்பச் சரி" என்றாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, என் கையிலிருந்த பையை வாங்கிச் சட்டையை வெளியே எடுத்து, காலரைப் புரட்டிப் பார்த்தாள். மஞ்சள் கீற்று வியர்வையில் சாயம் இறங்கி, வெள்ளைத் துணி முழுக்கப் படர்ந்திருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். நாங்கள் நான்கு பேருமாக ஆத்தாளைப் பார்க்க உள்ளே போனோம்.